காலை எடுத்தால் பிடிக்கும் கார்

குன்னூரில் ஓர் இரவு தங்கிவிட்டு மறுநாள் காலையில் மேட்டுப்பாளையத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தோம். வாடகைக்கு எடுத்த மின்சாரக் கார். ஓட்டியவர் கோவைக்காரர், முப்பது வருடம் டீசல் வண்டியில் பழகிய கால் அவருடையது. விடுதிக்காரர் ராத்திரி முழுக்க சார்ஜ் போட்டு வைத்திருந்தார். திரையில் 100 சதவீதம் என்று பச்சையில் எழுதியிருந்தது. இரண்டாவது கொண்டை ஊசி வளைவு வருவதற்குள் ஓட்டுநரின் முகம் மாறிவிட்டது.

"என்னங்க சார், வண்டி புடிக்கவே மாட்டேங்குது."

"பிரேக்கா?"

"பிரேக்கெல்லாம் புடிக்குதுங்க. கால எடுத்தா தானா புடிக்கும்ல, அது இல்லீங்க. நேத்து டவுனுக்குள்ள கால எடுத்தாலே நின்னுச்சு. இன்னைக்கு நியூட்ரல்ல விட்ட மாதிரி ஓடுது."

திரையின் ஓரத்தில் ஒரு சின்ன மஞ்சள் எச்சரிக்கை இருந்தது. அதை அவரும் கவனிக்கவில்லை, நானும் தாமதமாகத்தான் பார்த்தேன். வண்டியில் எதுவும் கெட்டுப்போகவில்லை. முந்தின நாள் பிடித்ததற்கும் அன்று பிடிக்காததற்கும் காரணம் ஒன்றேதான்.

எல்லாக் கார்களிலும் இருக்கும் பிரேக் நமக்குத் தெரிந்தது. சக்கரத்தோடு சுற்றும் இரும்புத் தட்டை இரண்டு பக்கமும் பட்டைகள் கவ்விப் பிடிக்கின்றன. உராய்வில் தட்டு சூடாகிறது, வண்டி நிற்கிறது. 1500 கிலோ எடையுள்ள கார் 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது அதற்குள் இருக்கும் இயக்க ஆற்றல் சுமார் 58 வாட்-மணி. ஒரு 9 வாட் எல்.இ.டி. பல்பை ஆறு மணி நேரத்துக்கும் மேல் எரிக்கலாம். ஒவ்வொரு சிக்னலிலும் நாம் அதைச் சூடாக்கிக் காற்றில் விட்டுவிட்டு, பச்சை விழுந்ததும் மறுபடி காசு கொடுத்து வாங்குகிறோம். வேகம் 100 என்றால் 58 அல்ல, 160. வேகத்தின் இருமடிக்கு ஏற்ப ஆற்றல் ஏறும்.

மின்சாரக் காரில் இதற்கு முன்னால் இன்னொரு பிரேக் இருக்கிறது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் மோட்டார் வேலையைத் திருப்பிக்கொள்கிறது. அதுவரை பேட்டரியிடம் மின்சாரம் வாங்கிச் சக்கரத்தைச் சுற்றியது, இப்போது சக்கரம் சுற்றச் சுற்ற மின்சாரம் செய்து பேட்டரிக்கு அனுப்புகிறது. அப்படி அனுப்புகிற உழைப்பே வண்டியைப் பின்னால் இழுக்கிறது. இதற்குக் கலைச்சொல் உண்டாக்க முயன்றவர்கள் உண்டு. ஓட்டுகிறவர்கள் எல்லோரும் 'ரீஜென்' என்றுதான் சொல்கிறார்கள். நானும் அவர்கள் பக்கம்.

மின்சாரம் செய்தால் வண்டி ஏன் பின்னால் இழுக்க வேண்டும்? நாற்பது வயதைத் தாண்டியவர்களின் முழங்காலுக்கு இதன் விடை தெரியும். சைக்கிளில் பின்சக்கரத்தை ஒட்டி ஒரு டைனமோ இருக்கும். இருட்டியதும் அதைத் தட்டி டயரின் விலாவில் சாய்த்தால் முன்னால் விளக்கு எரியும். விளக்கில்லாமல் போனால் தெருமுனையில் போலீஸ்காரர் காற்றைப் பிடுங்கிவிடுவார் என்ற பயத்தில் எல்லோரும் அதைப் போட்டோம். போட்ட உடனே மிதிப்பது கனக்கும். யாரோ கேரியரில் ஏறி உட்கார்ந்த மாதிரி.

எங்கள் சைக்கிளில் பல்ப் அடிக்கடி ஃபியூஸ் ஆகும். ஃபியூஸான இரவில் டைனமோவைச் சாய்த்து வைத்திருந்தாலும் மிதிப்பது அவ்வளவு கனக்காது. உருளை சுற்றும், சத்தமும் வரும், ஆனால் அந்தக் கனம் பாதிதான். டைனமோதான் கெட்டுவிட்டதோ என்று அப்போது நினைத்திருக்கிறேன். டைனமோ நன்றாகத்தான் இருந்தது. அது செய்த மின்சாரம் போவதற்கு வழி இல்லை, அவ்வளவுதான். பல்பின் இழை அறுந்ததும் சுற்று அறுந்துவிட்டது. மின்னோட்டம் இல்லை என்றால் எதிர்விசையும் இல்லை. மிச்சமிருந்த கனம் வெறும் உராய்வு.

ஹைன்ரிக் லென்ஸ் என்பவர் 1834-இல் இதை ஒரு விதியாகச் சொல்லிவிட்டார்: தூண்டப்படும் மின்னோட்டம் எப்போதும் தன்னை உண்டாக்கிய காரணத்தை எதிர்க்கும். பள்ளியில் மனப்பாடம் செய்த வரி. அதில் இருக்கிற நியாயத்தை யாரும் நமக்குச் சொல்லித்தரவில்லை. எதிர்க்காமல் இருந்திருந்தால் டைனமோ சும்மா சுற்றியே விளக்கை எரித்திருக்கும். ஊரில் மின்வாரியமே தேவைப்பட்டிருக்காது. கனம் என்பது விளக்குக்கு நாம் கொடுக்கும் விலை.

நம்பிக்கை வராவிட்டால் பிள்ளைகளின் ரோபோ பொம்மையிலிருந்து பல்சக்கரம் வைத்த சின்ன மோட்டார் ஒன்றைக் கழற்றிக்கொள்ளுங்கள். அதன் சக்கரத்தை விரலால் சுற்றுங்கள். இப்போது அதன் இரண்டு ஒயர்களின் முனைகளையும் ஒன்றாக முறுக்கிவிட்டு மறுபடி சுற்றுங்கள். தேனுக்குள் சுற்றுவது போல இருக்கும். மோட்டாரில் எதையும் மாற்றவில்லை, மின்சாரம் ஓட வழி மட்டும் செய்து கொடுத்தீர்கள். ரீஜென் பிரேக்கின் மொத்த ரகசியமும் அந்த முறுக்கில்தான் இருக்கிறது.

குன்னூருக்குத் திரும்புவோம். காரின் பேட்டரிதான் சைக்கிளின் பல்ப். நிறைந்து வழியும் பேட்டரி, ஃபியூஸான பல்ப்.

லித்தியம் அயனி செல் ஒவ்வொன்றுக்கும் மேல் எல்லையாக ஒரு வோல்டேஜ் உண்டு. நிக்கல் கலந்த வகைக்கு 4.2 வோல்ட் அளவில், இந்தியக் கார்கள் பலவற்றில் இருக்கும் இரும்பு பாஸ்பேட் வகைக்கு 3.65 வோல்ட் அளவில். அதைத் தாண்டித் திணித்தால் செல் கெடும். கடுமையாகத் திணித்தால் ஆபத்து. ரீஜென் என்பது சொட்டுச் சொட்டாக ஏறும் வீட்டு சார்ஜும் அல்ல. நல்ல வேகத்தில் போகும்போது காலை எடுத்தால் சில விநாடிகளுக்கு 50, 60 கிலோவாட் உள்ளே பாயும். நெடுஞ்சாலை ஓரத்து வேக சார்ஜரைச் சட்டென்று செருகியதற்குச் சமம். எனவே பேட்டரியைக் காவல் காக்கும் கணினி, 90-ஐத் தாண்டியதும் கதவைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாத்துகிறது. 100-இல் கிட்டத்தட்டப் பூட்டியே விடுகிறது. சில தயாரிப்பாளர்கள் புத்திசாலித்தனமாக, திரையில் 100 என்று காட்டும்போதும் உள்ளே கொஞ்சம் இடம் ஒதுக்கி வைப்பார்கள். எங்களுக்கு வாய்த்த வண்டி அப்படிப்பட்டதல்ல.

குளிரும் இதே கதவைச் சாத்தும். செல் குளிர்ந்துபோன நிலையில் வேகமாகச் சார்ஜ் ஏற்றினால், கிராஃபைட்டுக்குள் நுழைய வேண்டிய லித்தியம் நுழைய நேரமில்லாமல் அதன் மேலேயே உலோகமாகப் படிந்துவிடும். அப்படிப் படிந்ததில் ஒரு பகுதி திரும்பாது. நார்வேயில் ஜனவரி மாதக் காலை வேலைக்குக் கிளம்புகிறவர்களின் காரில் முதல் பத்து இருபது நிமிடம் ரீஜென் இருக்காது, அல்லது பேருக்கு இருக்கும். பேட்டரி சூடாகச் சூடாகப் பிடிமானம் திரும்பும். டெஸ்லா கார்களில் ஆற்றல் காட்டும் கோட்டின் ஒரு பகுதி புள்ளி புள்ளியாக மாறி, இதுவரைதான் இன்று கிடைக்கும் என்று சொல்லும். நார்வேயில் இதைக் குழந்தைகூடப் பழகிக்கொள்கிறது. நமக்கு மலைதான் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கிறது.

அந்த இறக்கத்தில் எவ்வளவு போனது என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். குன்னூர் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 1850 மீட்டர், மேட்டுப்பாளையம் 300 சொச்சம். இடையில் 1500 மீட்டர் வீழ்ச்சி, 14 கொண்டை ஊசி வளைவுகள். ஆட்களும் பெட்டிகளும் சேர்த்து 1700 கிலோ. ஈர்ப்பு விசை இலவசமாகக் கொடுப்பது சுமார் 7 யூனிட்; மின்வாரியம் பில் போடுகிற அதே யூனிட்டைத்தான் சொல்கிறேன். டயர் உராய்வும் காற்றும் இரண்டு யூனிட் தின்றுவிடும். மிச்சம் 5. இடம் இருந்திருந்தால் அதில் 4 யூனிட் பேட்டரிக்குள் போயிருக்கும். சமவெளியில் 25, 30 கிலோமீட்டருக்கான ஓட்டம். இடம் இல்லாததால் அந்த 5 யூனிட்டும் பிரேக் தட்டுகளில் வெப்பமாகப் போனது. 60 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் வெப்பம் அது. பெட்ரோல், டீசல் வண்டியாக இருந்தால் இரண்டாம் கியருக்குத் தட்டி இன்ஜின் பிரேக்கில் இறங்கியிருப்பார். மின்சாரக் காரில் தட்ட கியர் கிடையாது. இன்ஜின் பிரேக்கின் இடத்தில் இருப்பதே ரீஜென்தான்.

"ஏ.சி.யை முழுசா வைங்க, கொஞ்சம் கரண்ட் செலவாகட்டும்" என்று என் பங்குக்கு ஒரு யோசனை சொன்னேன். வைத்தார். ஒன்றிரண்டு கிலோவாட்டுக்கு மேல் ஏ.சி. தின்னாது, குளிரில் நடுங்கியதுதான் மிச்சம். பர்லியாறில் பழக்கடைகள் பக்கம் ஓரங்கட்டியபோது முன்சக்கரத்திலிருந்து தீய்ந்த வாசனை வந்தது. அரை மணி நேரம் ஆற விட்டோம்.

ரயில்களுக்கும் இதே பாடுதான். டெல்லி மெட்ரோவும் சென்னை மெட்ரோவும் நிற்கும்போது செய்யும் மின்சாரத்தை மேலே போகும் கம்பிக்கே திருப்பிக் கொடுக்கின்றன. இதைச் செய்ததற்காக டெல்லி மெட்ரோவுக்கு ஐ.நா. அமைப்பின் கார்பன் வரவும் கிடைத்தது. அங்கே பல்பாக இருப்பது பக்கத்தில் கிளம்பிக்கொண்டிருக்கும் இன்னொரு ரயில். காலை பத்து மணிக்கு ஒரு ரயில் நிற்க, இன்னொன்று அந்த மின்சாரத்தில் கிளம்பும். கடைசி ரயில் ஆளில்லாத நேரத்தில் நிற்கும்போது வாங்கிக்கொள்ளப் பக்கத்தில் யாரும் இல்லாமல் போகலாம். கம்பியின் வோல்டேஜ் ஏறும். பிறகு மின்தடைகளில் வெப்பமாக்கியோ, பழைய உராய்வு பிரேக்கிலோதான் நிறுத்த வேண்டும்.

சரி, பேட்டரியில் இடம் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் ரீஜென் எல்லா வேகத்திலும் ஒரே மாதிரி இழுப்பதில்லை. கவனித்து ஓட்டினால் காலுக்கு ஒரு வடிவம் தெரியும்: 100-இல் காலை எடுத்தால் மெதுவாக இழுக்கும், 50-ஐ நெருங்கும்போது இறுக்கிப் பிடிக்கும், நடை வேகத்துக்கு வந்ததும் நழுவிவிடும்.

முதல் பாதிக்குக் காரணம் எளிய பெருக்கல். ஆற்றல் பாயும் வீதம் என்பது விசையையும் வேகத்தையும் பெருக்கினால் வருவது. பேட்டரியும் மின்னணுவும் 60 கிலோவாட்டுக்கு மேல் வாங்காது என்றால், 100 கிலோமீட்டர் வேகத்தில் விசை குறைவாகத்தான் இருக்க முடியும். வேகம் பாதியானால் அதே 60 கிலோவாட்டில் இரண்டு மடங்கு இழுக்கலாம். நாய் குறுக்கே வந்து முழு பலத்தோடு பிரேக் அடிக்கும்போது, 100 கிலோமீட்டர் வேகத்தில் முதல் கணத்தில் தேவைப்படுவது 370 கிலோவாட் அளவு. பெரும்பாலான கார்களின் மோட்டாருக்கு அது எட்டாக் கனி. இரும்புத் தட்டும் பட்டையும் இன்னும் வேலையில் இருப்பது அதற்காகத்தான்.

இரண்டாவது பாதி சுவாரசியமானது. மெதுவாகச் சுற்றும் மோட்டார் 50 வோல்ட்தான் உண்டாக்கும். பேட்டரியோ 300, 400 வோல்ட். பள்ளத்துத் தண்ணீர் மேட்டுக்கு எப்படி ஏறும்? வீட்டில் பழைய டியூப் லைட் இருந்தவர்களுக்கு இதுவும் தெரிந்த வித்தைதான். சுவிட்சைப் போட்டதும் ஸ்டார்ட்டர் மினுக் மினுக்கென்று கண் சிமிட்டும். அது சுற்றை அறுக்கும் ஒவ்வொரு முறையும் சோக் பல நூறு வோல்ட்டாக ஓர் உதை கொடுக்கும். அந்த உதையில்தான் குழாய் பற்றும். ஓடிக்கொண்டிருக்கும் மின்னோட்டத்தைத் திடீரென்று தடுத்தால் கம்பிச்சுருள் அதை விட்டுக்கொடுக்காமல் வோல்டேஜை ஏற்றிக்கொண்டாவது ஓடப் பார்க்கும். காரில் மோட்டாரின் சுருளே சோக், இன்வெர்ட்டர் என்னும் மின்னணுப் பெட்டியே ஸ்டார்ட்டர். அது விநாடிக்கு ஆயிரக்கணக்கான முறை சுற்றை இணைத்து இணைத்து அறுக்கிறது. ஒவ்வொரு அறுப்பிலும் ஒரு சிட்டிகை மின்சாரம் மேட்டில் ஏறுகிறது.

ஆனால் நடை வேகத்தில் கிடைப்பது அற்பம். சுருளைச் சூடாக்குவதற்கே அது போதாது. அந்தக் கடைசி இரண்டு மீட்டரில் வண்டியை நிறுத்த, மோட்டார் பேட்டரியிலிருந்து வாங்கிச் செலவழிக்க வேண்டும், அல்லது உராய்வு பிரேக் கைகொடுக்க வேண்டும். மேட்டில் நின்றபடி பின்னால் உருளாமல் பிடித்திருப்பதும் அப்படித்தான். நிற்கிற வண்டியில் மீட்க எதுவும் இல்லை.

இதுவரை சொன்னது இயற்பியல். இதற்கு மேல் காலுக்குத் தெரிவதெல்லாம் யாரோ ஒரு பொறியாளர் எடுத்த முடிவு. எவ்வளவு இழுக்க வேண்டும், எந்தப் பெடலில் இழுக்க வேண்டும் என்பதை மென்பொருள்தான் தீர்மானிக்கிறது. அதனால்தான் ஒரே எடை, ஒரே மோட்டார் கொண்ட இரண்டு கார்கள் இரண்டு மிருகங்களைப் போல நடந்துகொள்கின்றன.

ரீஜென் வித்தை ஒன்றும் புதிதல்ல. பாரிஸில் லூயி க்ரீகர் 1890களிலேயே தன் மின்சார வண்டிகளில் இதைப் பொருத்தியிருந்தார். காலை எடுத்தாலே பிடிக்கும் இன்றைய ருசி தொடங்கியது கலிஃபோர்னியாவில், ஏ.சி. ப்ரொபல்ஷன் என்ற சிறு நிறுவனத்தில். அதை உருவாக்கியவர்களில் ஒருவரான ஆலன் கோக்கோனி, ஜெனரல் மோட்டார்ஸின் இம்பேக்ட் காருக்கு இன்வெர்ட்டர் செய்து கொடுத்தவர். அவர்கள் 1997-இல் காட்டிய டிசீரோ என்ற காரில் ஆக்சிலரேட்டரை விட்டாலே வண்டி கணிசமாக இழுத்துப் பிடித்தது. டெஸ்லாவின் முதல் காரான ரோட்ஸ்டர் அவர்களுடைய தொழில்நுட்ப உரிமத்தில் இருந்து கிளம்பியது. 2009-இல் பி.எம்.டபிள்யூ. சில நூறு பேருக்குச் சோதனைக்காகக் கொடுத்த மினி ஈ காருக்குள்ளும் அவர்களுடைய இயந்திரம்தான். அதில் காலை எடுத்தால் பலமாகப் பிடித்தது. சோதித்தவர்களுக்கு அது பிடித்துப்போனது. 2013-இல் வந்த ஐ3 காரிலும் அந்த நிறுவனம் அதே பாணியைத் தொடர்ந்தது. நிசான் 2017-இல் லீஃப் காரின் இரண்டாம் தலைமுறையில் இ-பெடல் என்று பேர் வைத்து, வண்டி முழுக்க நிற்கும் வரை ஒரே பெடலில் ஓட்ட வைத்தது.

இன்னொரு கட்சி ஜெர்மனியிலேயே இருக்கிறது. போர்ஷே டைகான் காரில் காலை எடுத்தால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. வெண்ணெயில் போவது போல உருண்டுகொண்டே போகும். பிரேக் பெடலைத் தொட்டால்தான் ரீஜென். அந்தப் பெடலுக்குப் பின்னால் கணினி உட்கார்ந்துகொண்டு, முதலில் மோட்டாரைக் கேட்டு, பற்றாததற்கு மட்டும் பட்டைகளைக் கூப்பிடுகிறது. 2019-இல் வந்த டைகானில் ரீஜென் 265 கிலோவாட் வரை போகும். அன்றாட பிரேக்கில் 90 சதவீதம் பட்டையைத் தொடாமலே முடிகிறது என்று அந்த நிறுவனம் சொல்கிறது.

அவர்கள் தரப்பு வாதம் வலுவானது. சக்கரத்திலிருந்து பேட்டரிக்குப் போகும்போது 15, 20 சதவீதம் கழிவு. பேட்டரியிலிருந்து சக்கரத்துக்குத் திரும்பும்போது இன்னொரு 15, 20. நூறு ரூபாயை மாற்றி மாற்றிக் கடைசியில் கைக்கு வருவது 65, 70. மாற்றாமலே வைத்திருந்தால் நூறும் நம்மிடம். தூரத்தில் சிவப்பு தெரிகிறது என்றால் வண்டியை உருள விட்டு, காற்றும் சாலையும் வேகத்தைத் தின்னட்டும் என்று காத்திருப்பதே சிக்கனம். ஒற்றைப் பெடலில் ஓட்டினால் மைலேஜ் கூடும் என்று சத்தியம் செய்கிறவர்கள் இந்தக் கழிவை மறந்துவிடுகிறார்கள். அவர்களுக்குக் கூடுவது சுகம்தான். நெரிசலில் அந்தச் சுகத்தை நானும் அனுபவித்திருக்கிறேன், குறை சொல்ல மாட்டேன்.

உங்கள் கார் எந்தக் கட்சி என்று கண்டுபிடிப்பது சுலபம். ஆளில்லாத சாலையில் பிரேக் பெடலை லேசாக, மிக லேசாக அழுத்தியபடி திரையில் ஆற்றல் காட்டும் பச்சைப் பட்டையைப் பாருங்கள். நீண்டால் பெடலும் மோட்டாரைத்தான் கேட்கிறது; பிரேக்கை மிதிப்பதால் எதுவும் வீணாவதில்லை. நீளாவிட்டால் அது வெறும் உராய்வு பிரேக். அந்தக் காரில் மட்டும்தான் காலை எடுப்பதில் லாபம். டாடா நெக்ஸான், ஹூண்டாய் கோனா போன்றவற்றில் ஸ்டியரிங்குக்குப் பின்னால் துடுப்பு மாதிரி இரண்டு நெம்புகோல்கள் இருக்கும். விரலால் தட்டி 0 முதல் 3 வரை ரீஜெனைக் கூட்டிக் குறைக்கலாம். கட்சிச் சண்டையை ஓட்டுகிறவர் தலையில் கட்டிவிட்டார்கள். நல்லதுதான். மலையில் 3, நெடுஞ்சாலையில் 0, ஊருக்குள் அவரவர் விருப்பம். ஓசூரில் தயாராகும் ஏத்தர் ஸ்கூட்டரின் 450 அபெக்ஸ் ரகத்தில் இன்னும் ஒரு படி மேலே போய், கைப்பிடியை எதிர்ப்பக்கமாகத் திருகினால் ரீஜென் என்று வைத்துவிட்டார்கள். ஒற்றைப் பெடலுக்கு இரு சக்கர வாகனத் தம்பி.

மோட்டாரும் பட்டையும் கைமாற்றிக்கொள்ளும் அந்தக் கணம்தான் பொறியாளர்களின் தூக்கத்தைக் கெடுப்பது. பிரேக் அடித்தபடி ஒரு பள்ளத்திலோ ஈரமான சாக்கடை மூடியிலோ ஏறும்போது சக்கரம் ஒரு நொடி வழுக்கும். ரீஜெனைத் தொடர்ந்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளும் என்பதால் கணினி அதை உடனே விட்டுவிடும். பட்டைகள் அந்த இடத்தை நிரப்ப ஓர் இமைப்பொழுது தாமதித்தாலும் வண்டி நழுவி முன்னால் பாய்ந்த மாதிரி வயிற்றில் தெரியும். உண்மையில் வண்டி வேகம் எடுப்பதில்லை. இழுத்துக்கொண்டிருந்த கை விட்டுவிட்டது. 2010 பிப்ரவரியில் டொயோட்டா உலகெங்கும் 4 லட்சத்துக்கும் மேற்பட்ட ப்ரியஸ் உள்ளிட்ட ஹைப்ரிட் கார்களைத் திரும்ப அழைத்துப் பிரேக் மென்பொருளை மாற்றியது இந்த நழுவல் பற்றிய புகார்களுக்குப் பிறகுதான். ஒரு உதிரிபாகமும் உடைந்திருக்கவில்லை. திருத்தப்பட்டது காலுக்குத் தெரிகிற உணர்வு.

ஓட்டுகிறவரின் காலைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன். பின்சீட்டில் இருப்பவரின் வயிறு வேறு கதை சொல்லும். உள்காதில் பசை போன்ற ஒரு படலத்தின் மேல் சுண்ணாம்புப் பொடி போன்ற படிகங்கள் இருக்கின்றன. வண்டி வேகம் குறையும்போது அவை முன்னால் சரியும்; மூளை அதைப் படித்துத் தெரிந்துகொள்ளும். கண் கைபேசியில் இருந்தால், ஒன்றும் நகரவில்லை என்று கண் சொல்லும், இல்லை என்று காது சொல்லும். இந்தச் சண்டையில் தோற்பது வயிறு. ஓட்டுகிறவருக்குக் குமட்டாததற்குக் காரணம், அசைவு வரப்போவது அவர் காலுக்கு முன்கூட்டியே தெரியும். ஐந்து விநாடிக்கு ஒருமுறை முன்னும் பின்னுமாகத் தள்ளும் ஆட்டம் குமட்டலுக்கு மிகப் பொருத்தமானது. பழகாத காலில் ஒற்றைப் பெடல் ஓட்டம் நெரிசலில் ஏறத்தாழ அந்தத் தாளத்தில்தான் ஆடும். மின்சாரக் கார் என்றாலே வாந்தி வருகிறது என்பவர்களின் வீட்டில் ஓட்டுகிறவர் காலைத் தூக்கித் தூக்கி வைக்கிறவராக இருப்பார். ஆக்சிலரேட்டரைச் சுவிட்சாக நினைக்காமல் தண்ணீர்க் குழாயாக நினைத்து, மெல்லத் திறந்து மெல்ல மூடினால் பாதி சரியாகிவிடும். மீதிக்கு ரீஜெனை ஒரு படி குறையுங்கள்.

பின்னால் வருகிறவருக்கும் ஒரு பங்கு உண்டு. பிரேக் பெடலை மிதிக்காமலே வண்டி நிற்கிறது என்றால் சிவப்பு விளக்கு எப்போது எரிவது? ஐ.நா. ஐரோப்பியப் பொருளாதார ஆணையத்தின் 13-எச் விதி இதற்கு எண்ணே கொடுத்திருக்கிறது. வேகம் விநாடிக்கு விநாடி 1.3 மீட்டருக்கு மேல் குறைந்தால், அதாவது ஒவ்வொரு விநாடியும் மணிக்கு 5 கிலோமீட்டர் அளவுக்குக் குறைந்தால், விளக்கு எரிந்தே ஆக வேண்டும். 0.7 மீட்டர் வரை எரியவே கூடாது. நடுவில் தயாரிப்பாளர் இஷ்டம்.

பட்டைக்கு வேலை குறைந்ததில் ஒரு புதுத் தொல்லையும் வந்திருக்கிறது. தேயாத தட்டு துருப்பிடிக்கிறது. ஃபோக்ஸ்வேகன் தன் ஐ.டி. வரிசைக் கார்கள் பலவற்றின் பின்சக்கரங்களில் பழைய டிரம் பிரேக்குக்கே திரும்பியது இதனால்தான். மூடிய டப்பாவுக்குள் துரு குறைவு. கடற்கரை ஊர்க்காரர்கள் வாரத்துக்கு ஒருமுறையாவது ரீஜெனை 0-வில் வைத்து நாலு தடவை நன்றாகப் பிரேக் அடித்துத் தட்டைத் தேய்த்துவிடுவது நல்லது.

கடைசியாக, குன்னூரில் எங்களுக்கு நடந்ததைத் தலைகீழாக நடத்தும் ஒரு லாரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். சுவிட்சர்லாந்தில் பீல் நகருக்குப் பக்கத்தில் ஒரு சிமென்ட் ஆலையின் கல் குவாரி. குவாரி மலை மேலே, ஆலை கீழே. கோமாட்சு டம்பர் ஒன்றை மின்சார வண்டியாக மாற்றி, 600 யூனிட் கொள்ளளவுள்ள பேட்டரி வைத்தார்கள். வெறும் வண்டி 45 டன். மேலே ஏறும்போது அவ்வளவுதான். மேலே 65 டன் கல்லை ஏற்றிக்கொண்டு இறங்கும்போது 110 டன். இறங்கும்போது கிடைக்கும் மின்சாரம் ஏறுவதற்குப் போதுமானதாக இருப்பதோடு, தோதான நடைகளில் கொஞ்சம் மிஞ்சவும் செய்கிறது. மலையின் உயரத்தைக் கல்லாக வெட்டி மின்சாரமாக மாற்றுகிறது அந்த லாரி. அதிலும் ஒரு நிபந்தனை உண்டு: மேலே நிற்கும்போது பேட்டரியில் இடம் இருக்க வேண்டும்.

குன்னூரிலோ ஊட்டியிலோ கொடைக்கானலிலோ இரவு தங்கினால், விடுதிக்காரர் அன்பாக "நைட்டே ஃபுல் பண்ணி வெச்சிடறேன் சார்" என்பார். வேண்டாம் என்று சொல்லுங்கள். 85-இல் கழற்றிவிடச் சொல்லுங்கள்.